கைப்பிடி அரிசியும் பேராயர் நாற்காலியும்

சமய நிறுவனத்தில் முடிவெடுப்பது கடை நடத்துவதைப் போன்றதும் அல்ல, அரசு நடத்துவதைப் போன்றதும் அல்ல. கடைக்காரருக்கு லாபநட்டக் கணக்கு இருக்கிறது. எடுத்த முடிவு சரியா தவறா என்பதை வருடக் கடைசியில் பேரேடு சொல்லிவிடும். அரசுக்குச் சட்டமும் காவல் நிலையமும் இருக்கின்றன. பணியாதவரைப் பணிய வைக்கலாம். கோயிலோ மசூதியோ மடமோ திருச்சபையோ நடத்துகிறவர்களிடம் இவை இரண்டுமே முழுதாக இல்லை. அங்கே வருகிறவர் மனம் இசைந்து வருகிறார், கொடுக்கிறவர் மனம் இசைந்து கொடுக்கிறார். ஊழியத்தில் இருப்பவர்களில் பலர் கூலியைக் கணக்குப் பார்ப்பதே இல்லை. முடிவு பிடிக்கவில்லை என்றால் அவர்கள் போராட வேண்டியதில்லை. அடுத்த வாரம் வராமல் இருந்தால் போதும்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. தலைவர் தம் முடிவைக் கடவுளின் சித்தம் என்று அறிவித்துவிட்டால், எதிர்க்கேள்வி கேட்பவர் கடவுளையே எதிர்ப்பவர் போல ஆகிவிடுவார். கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகப் பதிவேட்டில் ஏறும். பிறகு நடைமுறையில் ஒன்றும் நகராது. சமய நிறுவனங்களின் பெரிய திட்டங்கள் பல இப்படி ஓசையில்லாமல் செத்திருக்கின்றன. நின்று நிலைத்த முடிவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே தன்மை தெரிகிறது: முடிவின் சுமையைச் சுமக்கப்போகிறவர்கள் அந்த முடிவுக்கு உள்ளேயே இருந்தார்கள்.

தென்னிந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பழைய நிஜாம் ராஜ்யத்தில் கிடைக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு நுனி ஹைதராபாதின் திருமுல்கேரியில் இருக்கிறது. மறு நுனி திருநெல்வேலிச் சீமையின் அடுக்களைகளில் இருக்கிறது.

திருமுல்கேரி, தெலுங்கில் திருமலகிரி, செகந்திராபாத் கன்டோன்மென்ட்டின் வடபகுதி. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் உருவான செகந்திராபாத், பிரிட்டிஷ் படைகள் தங்கும் ஊராகவே வளர்ந்தது. 1857 கலகத்துக்குப் பின் திருமுல்கேரியில் பாதுகாப்பான பாசறை அமைந்தது. 1860-இல் அங்கே ஆங்கிலிக்கன் முறைப்படி ஆல் செயின்ட்ஸ் ஆலயம் எழுந்தது. மதராஸ் ராணுவத்தின் பட்டாளங்களோடு சிப்பாய்களும் சமையற்காரர்களும் குமாஸ்தாக்களும் ஒப்பந்தக்காரர்களுமாகத் தமிழர்கள் பலர் வந்து குடியேறினார்கள். செகந்திராபாதின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்தப் பட்டாளத்து வாழ்வில்தான் இருக்கிறது.

1895-இல் சார்லஸ் வாக்கர் போஸ்னெட் என்ற இளம் வெஸ்லியன் மெதடிஸ்ட் குரு இங்கே வந்து சேர்ந்தார். திருமுல்கேரியில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்துவதும் அவர்களைக் கவனித்துக்கொள்வதும்தான் அவருக்குத் தரப்பட்ட வேலை. மரியாதையான வேலை, சொந்த மொழி பேசும் மக்கள், ஒழுங்கான சம்பளம். ஓராண்டுக்குள் அவருக்கு அது போதவில்லை. பட்டாளத்தைவிட்டு வெளியேறி, ஹைதராபாதிலிருந்து குதிரையில் இரண்டு நாள் பயண தூரத்தில் இருந்த மேதக் என்ற ஊருக்கு 1896-இல் போனார். அப்போது அங்கே ரயில் இல்லை. சபை என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லை.

ஒரு நிறுவனம் தன் ஆளையும் பணத்தையும் எங்கே வைக்கிறது என்பதுதான் அதன் உண்மையான திட்டம். மேலிடத்து அறிக்கையில் எது எழுதியிருந்தாலும், ஆட்கள் பாசறையிலேயே இருந்தால் அது பாசறைச் சபைதான். போஸ்னெட்டின் இடமாற்றம் ஒரு தனிமனிதரின் மனக்குறையில் தொடங்கியது; ஆனால் ஹைதராபாத் வெஸ்லியன் மிஷனின் எடை அதன்பின் கிராமங்களின் பக்கம் சாய்ந்தது. அவருடன் பிறந்த எமிலி போஸ்னெட்டும் தோழி சாரா ஹாரிஸும் மேதக்கிலேயே தங்கிப் பெண்களிடையே நெடுங்காலம் உழைத்தார்கள். மருத்துவமனை, பள்ளிகள், உபதேசியார்களுக்கான பயிற்சி என்று மேதக் வளாகம் விரிந்தது.

1914-இல் அங்கே பெரிய ஆலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அது பஞ்சக் காலம். மழை பொய்த்து, வேலை இல்லாமல், சுற்றுவட்டார மக்கள் தவித்தார்கள். கஞ்சித்தொட்டி திறப்பது ஒரு வழி. போஸ்னெட் வேறு வழியைத் தேர்ந்தார்: ஆலயக் கட்டுமானத்தில் வேலை கொடுத்து, அந்த உழைப்புக்கு ஈடாக உணவு கொடுப்பது. கை நீட்டி வாங்குவதற்கும் கல் சுமந்து வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை வாங்குகிறவர் அறிவார். பத்தாண்டு கழித்து, 1924 டிசம்பர் 25 அன்று ஆலயம் பிரதிஷ்டையானது. 200 அடி நீளம், 100 அடி அகலம், 175 அடி உயரக் கோபுரம். ஏறக்குறைய 5,000 பேர் உள்ளே அமரலாம். சுவரில் கல் ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் கிறிஸ்துமஸ் அன்று அங்கே வருகிறார்கள் என்பதில் வியப்பு இல்லை.

ஆனால் இந்த நல்ல முடிவுக்கும் ஒரு எல்லை இருந்தது, அதை மறைப்பது நியாயமல்ல. ஆலயத்தின் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்தது, பாணி காதிக். மக்கள் உழைத்தார்கள், என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்ல. கொடையாளர் கடல் கடந்து இருக்கும்வரை, எவ்வளவு அன்பான தலைவரும் கடைசியில் கடல் கடந்த கணக்குக்கே பதில் சொல்ல வேண்டும். அதே நிஜாம் ராஜ்யத்தில், அதே ஆண்டுகளில், இந்த எல்லையைத் தாண்டும் முயற்சி ஒன்று நடந்தது. அதைச் செய்தவர்கள் தமிழர்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். மெஞ்ஞானபுரத்திலும் பின்பு மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார், பட்டம் பெறவில்லை. இருபது வயதுக்குச் சற்று மேல் ஒய்.எம்.சி.ஏ. செயலராகி, ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது அவர் கண்ட ஒரு காட்சி அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து, கடல் கடந்து இந்தியாவில் ஊழியம் செய்ய ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையிலும் பழமையிலும் பெரியதான திருநெல்வேலிச் சபையோ அப்படி எதுவும் செய்யவில்லை. வாங்கியே பழகிய சபையாக அது இருந்தது.

திரும்பி வந்ததும் பேசினார்கள், ஜெபித்தார்கள், ஊரூராகப் போய்க் கேட்டார்கள். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அதன் விதி மூன்றே பாகம்: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். வெளிநாட்டுப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது அன்றைய திருநெல்வேலியில் பெரிய துணிச்சல். பள்ளியும் ஆஸ்பத்திரியும் குருமார் சம்பளமும் அந்தப் பணத்தில் ஓடிய காலம் அது.

அப்படியென்றால் பணம் எங்கிருந்து வரும்? பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபையில் ரொக்கம் அரிது. வந்தது அரிசி. திருநெல்வேலிச் சபைகளின் கைப்பிடி அரிசி வழக்கம் எளிமையானது. வீட்டுப் பெண் உலை வைக்கும் முன், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்படி ஓரத்தில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவார். எந்த நாளானாலும் ஒரு பிடி. கலயம் நிறைந்ததும் சபைக்குக் கொண்டுபோவார்கள். விற்ற பணம் காணிக்கை. பணமில்லாதவர் கோழி, முட்டை, பதநீர்க் கருப்பட்டி, முதல் காய்ப்பு வாழைத்தார் என்று கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் நடக்கும். ஒரு முட்டை அதன் விலையைப்போலப் பலமடங்குக்குப் போகும். வாங்கியவரே மீண்டும் காணிக்கையாகக் கொடுக்க, அதே முட்டை இரண்டாம் முறையும் ஏலத்துக்கு வரும்.

நிதி திரட்டும் உத்தியாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும். ஒரு பிடி அரிசி குறைந்த சோற்றைக் குடும்பம் முழுக்கச் சாப்பிடுகிறது. அந்த வீட்டுக்கு, முகம் தெரியாத தெலுங்குக் கிராமத்து ஊழியர் நம் ஊழியர் ஆகிவிடுகிறார். அவர் எப்படி இருக்கிறார், என்ன செய்கிறார் என்று கேட்கும் உரிமை அடுக்களைக்கு வந்துவிடுகிறது. நிர்வாகம் யார் கையில் என்ற கேள்விக்கான விடை அந்தக் கலயத்தில்தான் இருந்தது. கொடுக்கிற கையும் கேள்வி கேட்கிற வாயும் ஒரே ஊரில் இருந்தன.

ஊழியக் களமாக அவர்கள் தேர்ந்தது நிஜாம் ராஜ்யத்தின் வாரங்கல் பகுதியில் இருந்த தோர்ணக்கல். இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டம். ரயில் சந்திப்பு என்பதைத் தவிர அந்த ஊருக்கு அன்று பெருமை எதுவும் இல்லை. வேறு மிஷன்கள் வேலை செய்யாத பகுதி. திருநெல்வேலிக்காரருக்கு அது அயல்நாடுதான்: மொழி வேறு, சாப்பாடு வேறு, ஆளும் அரசே வேறு. ஏற்கெனவே வேலை நடக்கும் இடத்தில் போட்டிக்குக் கடை விரிக்காமல், ஆளில்லாத இடத்தைத் தேடிப் போனது கணக்கறிந்த முடிவு. 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கத்திலும் அசரியா முன்னணியில் இருந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்களை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு கட்டத்தில் தாம் மட்டும் போகாமல் இருப்பது உறுத்தியது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியைவிட்டு, குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் குழந்தைகளோடும் தோர்ணக்கல்லுக்கே குடிபோனார். தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து கற்றார்.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு அரங்கைச் சங்கடப்படுத்தியது. வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியரோடு வேலை செய்கிறார்கள், உதவுகிறார்கள், உயிரையும் கொடுக்கிறார்கள். ஆனால் நண்பராக நடத்துவதில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். பலருக்குக் கோபம். ஆயினும், கூடியிருந்த பன்னூறு பேரில் மிகச் சிலரே ஆசியர்களாக இருந்த அந்த அரங்கில், அதை அங்கேயே சொல்ல வேண்டும் என்று அவர் முடிவு செய்தது சரியான முடிவு. கொடையாளரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல முடிந்தது அவருக்குப் பின்னால் கைப்பிடி அரிசி இருந்ததால்தான்.

மதராஸ் பேராயர் ஹென்றி வைட்ஹெட் (தத்துவ அறிஞர் ஆல்பிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன்) இந்தியர் ஒருவரைப் பேராயராக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். எதிர்ப்பு இங்கிலாந்துக்காரரிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தியப் பேராயரின் கீழ் ஆங்கில மிஷனெரிகள் பணிவார்களா என்பது ஒரு பக்கத்துக் கேள்வி. நம்மில் ஒருவரை, அதுவும் பனையேறிகளின் சாதியாரை, எப்படிப் பேராயராக ஏற்பது என்பது மறுபக்கத்து முணுமுணுப்பு. இதை வைட்ஹெட் சமாளித்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் சிறியதாக ஒரு திருமண்டலத்தை உருவாக்கி அதில் அசரியாவை அமர்த்தினார். கூடவே அசரியா மதராஸின் உதவிப் பேராயராகவும் இருந்தார். அவர் கையில் வேலை நன்றாக நடப்பதைக் கண்ட பிறகு, 1920களில் கிருஷ்ணா பகுதியின் பழைய ஆங்கில மிஷன் களங்களும் தோர்ணக்கல்லோடு சேர்ந்தன. ஒரே மூச்சில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காதது படிப்படியாகக் கிடைத்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அப்போது வயது 38.

பேராயரான பின் அவர் எடுத்த முடிவுகளில் மிக முக்கியமானது, திருநெல்வேலிப் பழக்கத்தைத் தோர்ணக்கல்லின் ஏழைகளிடமும் கேட்டது. அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்பது இரக்கமற்ற செயலாகப் பலருக்குத் தோன்றியது. அசரியாவின் பார்வை வேறு: கொடுக்க முடியாதவர் என்று ஒருவரை ஒதுக்குவது அவரை எப்போதைக்கும் கைநீட்டுபவராகவே வைத்திருப்பது. ஆகவே கைப்பிடி தானியம் அங்கும் வந்தது. அறுவடைக் காலத்தில் தலையில் நெல்லோடும் கையில் கோழியோடும் மக்கள் ஆலயத்துக்கு வந்தார்கள்.

பயிற்சியிலும் அவர் முடிவு நுட்பமானது. கிராமத்து உபதேசியாராக ஒருவரைத் தயார் செய்தபோது அவர் மனைவியையும் சேர்த்தே தயார் செய்தார்கள். இந்தப் பெண்கள் பணியில் அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. கல்லூரிப் படிப்புப் படித்த முதல் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அவரும் ஒருவர். ஆண் மட்டும் மாறினால் மாற்றம் திண்ணையோடு நின்றுவிடும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அசரியா இறக்கும் காலத்தில் தோர்ணக்கல் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருமாரும் இருந்தார்கள்.

தோர்ணக்கல் பேராலயத்தை மேதக் ஆலயத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இதைக் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆனது. பணம் வந்தபோது வேலை நடந்தது, வராதபோது நின்றது. 1939 ஜனவரி 6 அன்று, ஞானிகள் வருகைத் திருநாளில், பிரதிஷ்டையானது. மசூதிகளை நினைவூட்டும் குவிமாடங்கள், கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், நடுவில் சிலுவை. மேதக் ஆலயம் அழகில் எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் நிஜாம் ராஜ்யத்துக் குடியானவர், இது எங்கிருந்தோ வந்தது என்று எண்ணாமல் உள்ளே நுழையக்கூடிய ஆலயம் தோர்ணக்கல்லுடையது.

1932-இல் சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி என்ற பேச்சு வந்தபோது, கிறிஸ்தவர்களுக்கு அது வேண்டாம் என்று அசரியா வெளிப்படையாகச் சொன்னார். தனித்தொகுதி கிடைத்தால் சட்டசபையில் நிச்சயமான இடங்கள். எந்தச் சமூகத் தலைவரும் விடமாட்டார். திருச்சபை ஓட்டுக்கணக்கில் ஒரு சாதியாகிவிடும் என்பது அவர் அச்சம். கைக்கு வந்த லாபத்தை நிறுவனத்தின் நோக்கத்துக்காக வேண்டாம் என்று சொல்லும் இத்தகைய முடிவுகள் அரிதானவை. மதமாற்றத்தைப் பற்றி அவருக்கும் காந்திக்கும் இருந்த கருத்து மோதல் தீரவே இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களாக முடிவெடுக்கிறார்கள் என்றார் அசரியா. அவர்களின் இல்லாமையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றார் காந்தி. இருவருமே தேசத்தை நேசித்தவர்கள் என்பது அந்த மோதலை இன்னும் கனமாக்குகிறது.

அசரியாவின் நெடும்பயணம் திருச்சபை ஒன்றிப்பு. ஒரே ஊரில் ஆங்கிலிக்கன் கோயில், மெதடிஸ்ட் கோயில், காங்கிரகேஷனல் கோயில் என்று தனித்தனியாக நின்றன. ஒன்றில் திருவிருந்து எடுத்தவர் மற்றதில் எடுக்க முடியாது. இந்தப் பிரிவுகளுக்கான காரணங்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வரலாற்றில் இருந்தன. நெல்லூரிலோ நாசரேத்திலோ இல்லை. 1919 மே 1, 2 தேதிகளில், மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த ஆண்டு சபைகளின் கூட்டுக்குழு அமைந்தது.

அது முடிய 28 ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்தைச் சோம்பல் என்று நினைப்பது தவறு. தீர்க்க வேண்டிய சிக்கல் உண்மையிலேயே கடினம். ஆங்கிலிக்கர்களுக்குப் பேராயர் இல்லாமல் திருச்சபை இல்லை. பேராயர் கை வைத்து அருட்பொழிவு செய்யாதவர் குருவே அல்ல. காங்கிரகேஷனலாருக்கோ ஒவ்வொரு சபையும் தானே தனக்குத் தலைமை. பேராயர் என்றாலே அவர்கள் முன்னோர் ஓடிவந்த அதிகாரம். ஒரு பக்கம் வென்று மறுபக்கம் தோற்றால் ஒன்றிப்பு இல்லை, விழுங்கல்தான். 1929-இல் திட்ட வரைவு வெளியானது. பலமுறை திருத்தினார்கள். கடைசியில் கண்ட வழி இது: ஒன்றான திருச்சபையில் பேராயர்கள் இருப்பார்கள், இனி அருட்பொழிவு பெறுவோர் அவர்கள் கையாலேயே பெறுவார்கள். ஆனால் ஏற்கெனவே குருமாராக இருப்பவர் எவரும் மறுபடி அருட்பொழிவு பெற வேண்டியதில்லை. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவைத் திணிக்கமாட்டோம் என்ற உறுதிமொழியும் சேர்ந்தது. முப்பது ஆண்டு கழித்து எல்லாவற்றையும் மீண்டும் பேசலாம்.

அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு பெரிய ஞானம் இருக்கிறது. கொள்கையில் ஒத்துப்போகாதவர்களை ஒத்துப்போனதாக நடிக்க வைக்கவில்லை. ஒன்றாக வாழ்ந்து பார்க்கக் காலம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கவிஞர் டி.எஸ். எலியட்டே 1943-இல் இந்தத் திட்டத்தைக் கண்டித்து ஒரு சிறுநூல் எழுதினார். அதே ஆண்டு மெதடிஸ்டுகள் சம்மதித்தார்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். சில நாட்களிலேயே, அதே மாதத்தில், ஆங்கிலிக்கன் பொதுமன்றம் ஒன்றிப்பை ஏற்றது. அடுத்த ஆண்டு, காங்கிரகேஷனலார் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இசைந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர்களைக் கொண்ட சபையும் பேராயர் இல்லாத சபைகளும் ஒன்றானது உலகிலேயே அதுதான் முதல்முறை. 14 திருமண்டலங்கள், ஏறக்குறைய 10 லட்சம் மக்கள். அன்று ஒன்பது புதிய பேராயர்கள் அருட்பொழிவு பெற்றார்கள். மேதக்கின் முதல் பேராயர் பிராங்க் விட்டேக்கர் அவர்களில் ஒருவர். ஹைதராபாத் அப்போது இந்தியாவில் சேரவில்லை. அது சேர இன்னும் ஓராண்டு இருந்தது. நிஜாமின் எல்லைக்குள் இருந்த மேதக்கும் தோர்ணக்கல்லும், மதுரையோடும் திருநெல்வேலியோடும் திருவிதாங்கூரோடும் நாட்டுக்கு முன்பே ஒன்றாகிவிட்டன.

எல்லோரும் வரவில்லை. நந்தியால் பகுதியின் ஆங்கிலிக்கர் பலர் மனம் ஒப்பாமல் வெளியே நின்றார்கள். நெடுநாள் தனியாகவே இருந்து பிறகு இணைந்தார்கள். அவர்களை விரட்டிப் பிடிக்கவில்லை. அதே நந்தியாலுக்குத்தான் 2013 செப்டம்பரில் எகோனி புஷ்ப லலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக வந்தார்.

முடிவெடுக்கும் முறையில் மற்றச் சமயத்தாரும் பிற சபையாரும் தத்தம் வழியைக் கண்டிருக்கிறார்கள். சீக்கியர்கள் 1925 குருத்வாராச் சட்டத்தின் மூலம் நிர்வாகத்தைத் தேர்தலுக்கு விட்டார்கள். அந்தத் தேர்தலில் பெண்களுக்கும் அப்போதே வாக்குரிமை. பேலூர் ராமகிருஷ்ண மடத்தை விவேகானந்தர் 1901-இல் துறவிகளின் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, தம் பெயரில் எதையும் வைத்துக்கொள்ளாமல் விலகினார். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாக்கெடுப்பே நடத்துவதில்லை. மனங்கள் இசையும்வரை மௌனமாகக் காத்திருக்கிறார்கள். தேர்தல் வேகமானது, ஆனால் கட்சிகளை உண்டாக்கும். துறவிகளின் குழு நிலையானது, ஆனால் வெளியிலிருந்து கேள்வி கேட்க வழி குறைவு. எந்த முறையிலும் பணம் எங்கிருந்து வருகிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அதிகாரம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இன்று தென்னிந்தியத் திருச்சபையில் 24 திருமண்டலங்கள் உள்ளன, யாழ்ப்பாணம் உட்பட. ஊர்ச்சபையில் தேர்தல் நடந்து சேகரக் குழு அமைகிறது. அங்கிருந்து திருமண்டலப் பெருமன்றம், அதற்கு மேல் சினாடு. குருமாரும் சபை மக்களும் இரண்டிலும் அமர்கிறார்கள். பேராயர் வேண்டுமென்றால் திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துச் சிலரின் பெயரை அனுப்புகிறது. அவர்களில் ஒருவரைச் சினாட்டின் தேர்வுக்குழு தேர்கிறது. நிலமும் கட்டடமும் தனியே ஓர் அறக்கட்டளை நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு கவனமாக அதிகாரத்தைப் பங்கிட்ட அமைப்புகள் குறைவு.

நடைமுறை அவ்வளவு நலமாக இல்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். மிஷனெரிகள் விட்டுச்சென்ற பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் நகர நடுவில் உள்ள நிலங்களும் இன்று கோடிக்கணக்கில் மதிப்புள்ளவை. சபை மக்களின் காணிக்கை அவற்றின் பக்கத்தில் சிறு துளி. பணம் காணிக்கைப் பெட்டியிலிருந்து வராதபோது, பதவி காணிக்கை கொடுப்பவரின் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. திருமண்டலத் தேர்தல்கள் அரசியல் தேர்தலின் சூட்டோடு நடக்கின்றன. சினாடு தேர்தலும் பேராயர்களின் ஓய்வு வயதை உயர்த்தும் திருத்தமும் அண்மை ஆண்டுகளில் நீதிமன்றப் படியேறின. சட்டவிதி குறைவாக இருந்ததால் வந்த வினை அல்ல இது. அசரியா எந்தக் கயிற்றால் பணத்தையும் நிர்வாகத்தையும் ஒரே ஊரில் கட்டினாரோ, அந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது.

முற்றிலும் அறுந்துவிடவில்லை. பாளையங்கோட்டையில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் இன்னும் இயங்குகிறது. வட இந்தியக் கிராமங்கள்வரை ஊழியர்களை அனுப்புகிறது. தென்மாவட்டத்து ஆலய வாசல்களில் அறுவடைக் காணிக்கை ஏலம் இன்றும் நடக்கிறது.

திருமுல்கேரியிலும் ஒரு மாற்றம் நின்றிருக்கிறது. ஆங்கிலிக்கச் சிப்பாய்களுக்காக 1860-இல் கட்டிய ஆல் செயின்ட்ஸ் ஆலயமும், மெதடிஸ்ட் சிப்பாய்களுக்கான காரிசன் வெஸ்லி ஆலயமும் ஒரே பகுதியில் இருக்கின்றன. போஸ்னெட்டின் காலத்தில் இரண்டும் வெவ்வேறு சபைகள். ஒன்றின் குரு மற்றதில் திருவிருந்து நடத்த முடியாது. இப்போது இரண்டும் மேதக் திருமண்டலத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் ஒரே பேராயர்.